ஓர்கானிக் மிளகு எந்த இடத்தில் ஓர்கானிக் இல்லாமல் போகிறது?

கொழும்பில் சிறிய அளவில் மசாலாத் தூள், சத்துமா, ஜாம், போத்தல் பானம் என்று செய்து விற்பவர்களிடம் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. டொரொன்டோவிலோ லண்டனிலோ கடை வைத்திருக்கும் ஒருவர் மாதிரியைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, "சாமான் நல்லா இருக்கு, ஓர்கானிக் சேர்ட்டிபிகேட் எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் நேரே புறக்கோட்டைக்குப் போகிறார். நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தக் கடை முதலாளி மூடையைப் பிரித்து ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டிக் காட்டி, "தம்பி, இது மாத்தளைத் தோட்டத்துச் சாமான். மருந்தே அடிக்கிறதில்ல. நூறு வீதம் ஓர்கானிக்" என்று அடித்துச் சொல்கிறார்.

அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லிவிட முடியாது. வீட்டுத் தோட்டத்தில் மரத்தில் படரவிட்ட மிளகுக்குப் பல இடங்களில் யாரும் மருந்து அடிப்பதில்லைதான். இருந்தும் அந்த மூடையை வாங்கிப் போட்டால் உங்கள் பானம் ஓர்கானிக் ஆகாது. மருந்தே படாத மிளகு எப்படி ஓர்கானிக் இல்லாமல் போகும்? உணவு, பான உற்பத்திக்குச் சான்றிதழ் பெற்ற மூலப்பொருள் தேடுகிறவர்களுக்கு முதலில் விளங்க வேண்டியது இதுதான். இது விளங்காமல் பலர் காசைக் கொட்டுகிறார்கள்.

தட்டில் இருக்கும் வடையைப் பார்த்து என்ன தெரியும்?

வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடை. நாலு கடை தள்ளி ஒரு மச்சக் கடை. இரண்டிலும் உளுந்து வடை. இரண்டிலும் உளுந்து, வெங்காயம், மிளகாய், உப்பு. ஆனால் இரண்டாவது கடையில் காலையில் மீன் பற்றிஸ் பொரித்த அதே எண்ணெயில் வடையையும் போட்டிருக்கலாம். தட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் கந்தசஷ்டி விரதக்காரர் வடையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. எந்தச் சட்டி, எந்த எண்ணெய், எந்தக் கரண்டி என்று சமையலறையைப் பற்றித்தான் கேட்பார். அப்படிக் கேட்டு வாங்கிய வடையையும் வழியில் யாரோ மீன் ரோல் இருந்த தட்டில் வைத்துவிட்டால் அதோடு சரி.

ஓர்கானிக் சான்றிதழும் சமையலறையைப் பற்றிய சான்றுதான். ஒரு பொருள் எந்த நிலத்தில், எந்த முறையில் விளைந்தது, அதன் பிறகு யார் யார் கையில் எப்படிக் கையாளப்பட்டது என்பதை, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத ஒரு மூன்றாம் தரப்பு நேரில் வந்து பார்த்து, பதிவேடுகளைப் புரட்டி ஒப்புக்கொள்வது. இந்த மூன்றாம் தரப்பைச் சான்றளிக்கும் நிறுவனம் என்கிறோம். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அமைப்பு 1999இல் வெளியிட்ட வழிகாட்டலும் இந்தக் கருத்தில்தான் நிற்கிறது: ஓர்கானிக் என்பது உற்பத்தி முறையைப் பற்றிய உரிமைகோரல்.

புறக்கோட்டை மூடைக்கு வருவோம். அந்த மிளகு எந்தத் தோட்டத்தது, யார் பறித்தார், எங்கே காய்ந்தது, வேறு எந்த மிளகோடு கலந்தது என்று சொல்ல ஒரு தாளும் இல்லை. மிளகில் குறை இல்லாமல் இருக்கலாம். அதன் சமையலறையைப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஓர்கானிக் என்று தவறாக நினைக்கப்படும் சில

இந்தச் சொல்லை நம் நாட்டில் மிக அதிகமாகக் குழப்பியது 2021. அந்த ஆண்டு ஏப்ரலில் அரசாங்கம் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை நிறுத்தப் போவதாக அறிவித்து, மே மாதம் வர்த்தமானியும் வெளியிட்டது. நவம்பரில் பின்வாங்கியது. இடைப்பட்ட மாதங்களில் விவசாயிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தப் போகத்து நெல்லை, காய்கறியை "நாடே ஓர்கானிக் ஆன காலத்து விளைச்சல்" என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். அது இறக்குமதித் தடை. அதனால் எந்த வயலுக்கும் சான்றிதழ் கிடைத்துவிடவில்லை. மாறுவதற்கு வேண்டிய காலமும் கொடுக்கப்படவில்லை; யாரும் வயல் வயலாகப் போய்ப் பார்க்கவும் இல்லை; களஞ்சியத்தில் மிச்சமிருந்த பசளையை யார் போட்டார், யார் போடவில்லை என்பதற்குப் பதிவும் இல்லை. ஓர்கானிக் என்றாலே விளைச்சல் படுத்துவிடும் என்று அந்த ஒரு வருடத்தை வைத்து முடிவு கட்டுவதும் அதே குழப்பத்தின் மறுபக்கம்.

இன்னும் சில. விவசாயத் திணைக்களம் கொடுக்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்று, அதாவது ஜி.ஏ.பி., ஓர்கானிக் அல்ல. அதில் அனுமதித்த இரசாயனங்களை அளவோடும் கால இடைவெளியோடும் பயன்படுத்தலாம். தேயிலைப் பெட்டியில் இருக்கும் பச்சைத் தவளை, ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சின்னம், அதுவும் அப்படித்தான். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த புவிசார் குறியீடு, அது எந்த நாட்டுக் கறுவா என்பதைக் காக்கிறது. எப்படி வளர்த்தார்கள் என்பதை அல்ல. எல்லாமே மதிப்புள்ள சான்றுகள். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஓர்கானிக் தோட்டத்தில் எதையுமே தெளிப்பதில்லை என்று நினைப்பது. கந்தகம், சில செம்புச் சேர்மங்கள், தாவரச் சாறுகள் போன்றவை குறிப்பிட்ட எல்லைக்குள் அனுமதிக்கப்பட்டவை. எது அனுமதி, எது தடை என்பதற்கு ஒவ்வொரு தரநிலையும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அப்புறம், ஓர்கானிக் என்பதால் கிருமி இருக்காது என்பதும் இல்லை. சல்மொனெல்லாவுக்கு ஓர்கானிக் மிளகும் சாதாரண மிளகும் ஒன்றுதான்.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலை வரை

இனி அந்த வழியை நடந்து பார்ப்போம். மிளகையே எடுத்துக்கொள்கிறேன்.

தோட்டக்காரர் இன்று இரசாயனத்தை நிறுத்தினால் நாளைக்கு ஓர்கானிக் ஆகிவிட முடியாது. இடையில் மாறுகாலம் என்று ஒன்று இருக்கிறது: ஓர்கானிக் விதிகளின்படி விவசாயம் செய்தும், விளைச்சலை ஓர்கானிக் என்று விற்க முடியாத காலம். ஐரோப்பிய ஒன்றிய விதியில் பருவப் பயிர்களுக்கு விதைப்பதற்கு முன் 2 வருடம், மிளகு, கறுவா, தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு முதல் ஓர்கானிக் அறுவடைக்கு முன் 3 வருடம். அமெரிக்க விதியில் அறுவடைக்கு முந்திய 36 மாதங்கள் தடைசெய்யப்பட்ட எதுவும் அந்த நிலத்தில் பட்டிருக்கக் கூடாது. ஓர்கானிக் மூலப்பொருள் விலை கூடுவதற்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கிறது. மூன்று வருடம் கூடுதல் உழைப்பு, சாதாரண விலை.

பக்கத்துத் தோட்டக்காரர் களைநாசினி அடித்தால்? காற்றிலும் மழைத் தண்ணீரிலும் அது வரும். அதனால் எல்லையில் இடைவெளி விட வேண்டும், வேலி மரம் வைக்க வேண்டும், எல்லையோரக் கொடிகளின் மிளகைத் தனியாகப் பறிக்க வேண்டியும் வரலாம். சாய்வு நிலமாக இருந்தால் மேலே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதும் கணக்கில் வரும்.

நம் மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் பெரும்பாலும் சிறு தோட்டங்களில் விளைகின்றன. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகச் சான்றிதழ் எடுக்கப் போனால் செலவு தாங்காது. அதற்காக வந்ததுதான் குழுச் சான்றிதழ். பல சிறு தோட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, தங்களைத் தாங்களே கண்காணிக்கும் ஓர் உள்ளகக் கட்டுப்பாட்டு முறையை வைத்து, ஒரே சான்றிதழின் கீழ் வருகிறார்கள். குழுவின் கள அலுவலர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய்ப் பார்க்கிறார். சான்றளிக்கும் நிறுவனம் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் போய்ப் பார்த்து, அவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்று சோதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 என்ற சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது இந்தக் குழுக்களுக்குக் கட்டுப்பாடு இறுகியது. ஒரு குழுவில் 2000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, குழு சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும், ஆண்டுதோறும் குறைந்தது 5 வீதமான உறுப்பினர்களைச் சான்றளிக்கும் நிறுவனம் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

இதில் கொள்வனவு செய்பவர்கள் அடிக்கடி சறுக்கும் ஓர் இடம் உண்டு. குழுச் சான்றிதழ் குழுவுக்குச் சொந்தம். அதில் இருக்கும் ஒரு தோட்டக்காரர் அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டு, குழுவுக்குக் கொடுக்க வேண்டிய மிளகில் ஐம்பது கிலோவை உங்களிடம் நேரே விற்றால், அது ஓர்கானிக் மிளகு அல்ல. அதே கொடி, அதே கை, அதே நாள் பறித்தது. ஆனால் குழுவின் வழியாக வரவில்லை. "தோட்டத்துக்கே போய் வாங்கினேன், இடையில் தரகர் யாரும் இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு இது கசப்பான செய்தி.

பறித்த மிளகு காய வேண்டும். எங்கே? தார் ரோட்டோரத்திலா, சீமெந்துத் தரையிலா, பாயிலா? அதே தரையில் நேற்று யாருடைய மிளகு காய்ந்தது? காய்ந்ததும் எந்தச் சாக்கில் கட்டினார்கள்? கிராமத்தில் வெள்ளைப் பொலித்தீன் சாக்கு வீணாகப் போவதில்லை. பசளை வந்த சாக்கை உதறி, கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பி மிளகு கட்டுவார்கள். தூக்கிப் பிடித்து வெயிலில் பார்த்தால் "யூரியா" என்ற எழுத்து மறுபக்கத்தில் மங்கலாகத் தெரியும். மூன்று வருடம் காத்திருந்த தோட்டத்து மிளகின் கதை அந்தச் சாக்கில் முடிந்துவிடும். ஓர்கானிக் பரிசோதகர்கள் சேமிப்பறைக்குள் போனதும் சாக்குகளைப் புரட்டிப் பார்ப்பது சும்மா இல்லை.

அடுத்து சேகரிப்பவர், லொறி, களஞ்சியம், துப்புரவு செய்து தரம் பிரிக்கும் இடம், அரைக்கும் ஆலை. பொருளைச் சொந்தமாக வாங்கி விற்பவரோ, திறந்து கொட்டிக் கலப்பவரோ, மறுபடி பொதி கட்டுபவரோ, எல்லோரும் சான்றிதழின் கீழ் வர வேண்டும். அமெரிக்காவில் முன்பு தரகர்கள் பலருக்கு விலக்கு இருந்தது. அந்த ஓட்டையில் சாதாரணத் தானியம் ஓர்கானிக் என்ற பெயரில் கப்பலேறியதால், 2024 மார்ச் 19 முதல் அநேகமான தரகர்களும் இறக்குமதியாளர்களும் சான்றிதழ் எடுத்தாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

கடைசியில் நீங்கள். ஓர்கானிக் பொருளை வாங்கிப் போடுவதால் மட்டும் உங்கள் பானம் ஓர்கானிக் ஆவதில்லை. உங்கள் தொழிற்சாலைக்கும் சான்றிதழ் வேண்டும்.

இதுவரை சொன்னது: நிலத்துக்கு மாறுகாலம், சிறு தோட்டங்களுக்குக் குழுச் சான்றிதழ், அதன்பின் பொருள் கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சான்றிதழ். நடுவில் ஒரு கை விடுபட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே சாதாரணப் பொருள்தான்.

95 வீதமும் சீனியும்

லேபலில் ஓர்கானிக் என்று போட 95 வீதம் போதும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். எதில் 95 என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஒரு கொத்தமல்லி இஞ்சிப் பானத்தை எடுத்துக்கொள்வோம். நூறு கிலோ பானத்தில் தண்ணீர் 90 கிலோ. மீதி 10 கிலோவில் சீனி 8, இஞ்சி 1.4, கொத்தமல்லி அரைக் கிலோ, மிளகு 100 கிராம் என்று வைப்போம். தண்ணீரும் உப்பும் இந்தக் கணக்கில் சேராது. ஐரோப்பிய விதியிலும் அமெரிக்க விதியிலும் அப்படித்தான். ஆகவே வீதம் பார்ப்பது அந்த 10 கிலோவில்.

இப்போது பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஓர்கானிக் இஞ்சியையும் ஓர்கானிக் கொத்தமல்லியையும் தேடி அலைவார்கள். சீனியைப் பற்றி நினைப்பே வராது. மூலையில் இருக்கும் கடையில் வழக்கமான வெள்ளைச் சீனி மூடை வாங்கிவிடுவார்கள். கணக்குப்படி பொருளில் 80 வீதம் சீனி. மற்றதெல்லாம் முழுக்க ஓர்கானிக்காக இருந்தாலும் பானம் 20 வீதத்தில்தான் நிற்கிறது. பானம், ஜாம், பிஸ்கட் செய்பவர்கள் முதலில் துரத்த வேண்டியது ஓர்கானிக் சீனியையோ, சான்றிதழ் உள்ள கித்துள் பாணியையோதான். பெயரில் இருக்கும் பொருளுக்குப் பின்னால் ஓடுவது பிறகு.

சரி, சீனியும் இஞ்சியும் கொத்தமல்லியும் ஓர்கானிக் கிடைத்துவிட்டது. மிளகு மட்டும் கிடைக்கவில்லை. 10 கிலோவில் 100 கிராம், அதாவது ஒரு வீதம். 95க்கு மேலே நிற்கிறோம், புறக்கோட்டை மிளகைப் போட்டால் என்ன? போட முடியாது. அந்த ஐந்து வீதம் இஷ்டத்துக்கு நிரப்பும் இடம் கிடையாது. ஓர்கானிக்காகக் கிடைப்பதே அரிது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட சில பொருட்களைக் கொண்ட ஒரு குறுகிய பட்டியல் ஒவ்வொரு தரநிலையிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டுமே ஓர்கானிக் இல்லாத விவசாயப் பொருளாகச் சேர்க்கலாம். மிளகு அதில் இல்லை. ஓர்கானிக் மிளகையும் சாதாரண மிளகையும் பாதிப் பாதி கலந்து ஒரே பொருளில் போடுவதும் கூடாது.

அமெரிக்க விதியில் 70 வீதத்துக்கு மேல் இருந்தால் "ஓர்கானிக் இஞ்சி கொண்டு செய்தது" என்பது போல எழுத இடம் உண்டு, ஆனால் அந்நாட்டு ஓர்கானிக் முத்திரையை ஒட்ட முடியாது.

நிறமூட்டி, வாசனை, பதப்படுத்தி, வடிகட்டும்போது பயன்படும் துணைப்பொருட்கள், இவற்றுக்கும் தனிப் பட்டியல். மரபணு மாற்றியது கூடாது, கதிர்வீச்சுப் பாய்ச்சியது கூடாது, ஹெக்சேன் கரைப்பானில் பிரித்தெடுத்த எண்ணெயும் லெசித்தினும் கூடாது. "இயற்கை வாசனை" என்று போத்தலில் எழுதியிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். உற்பத்தியாளரிடம் அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

எந்த நாட்டு விதி?

உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு ஓர்கானிக் சான்றிதழ் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு என்.ஓ.பி., ஜப்பானுக்கு ஜே.ஏ.எஸ்.; பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் தனித்தனி. சில நாடுகள் ஒன்றின் விதியை மற்றது ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் செய்துள்ளன. இலங்கை அப்படி ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆகையால் நம் தோட்டங்களையும் தொழிற்சாலைகளையும், அந்தந்த நாட்டின் அங்கீகாரம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனங்கள் நேரடியாக வந்து அந்நாட்டு விதிப்படி பரிசோதிக்கின்றன.

உள்நாட்டில் எஸ்.எல்.எஸ். 1324 என்ற தரநிலையை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வைத்திருக்கிறது. நவம் மாவத்தையில் இருக்கும் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கீழ் ஓர்கானிக் துறைக்கான தேசியக் கட்டுப்பாட்டுப் பிரிவும் உண்டு. எந்தச் சான்றளிக்கும் நிறுவனங்கள் இங்கே வேலை செய்கின்றன என்று கேட்டறியப் போகக்கூடிய முதல் வாசல் அதுதான்.

இறக்குமதி மூலப்பொருளில் இந்த நாட்டுப் பிரச்சினை தலைதூக்கும். நாம் பயன்படுத்தும் கொத்தமல்லியில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. இந்தியாவுக்கு என்.பி.ஓ.பி. என்ற தேசிய ஓர்கானிக் திட்டம் 2001 முதல் இருக்கிறது. அதன் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று நினைப்போம். ஆனால் இந்தியாவோடு இருந்த அங்கீகார ஏற்பாட்டை அமெரிக்கா 2021 ஜனவரியில் முடித்துக்கொண்டது. இடைக்கால அவகாசமும் 2022 ஜூலையோடு தீர்ந்தது. இப்போது அமெரிக்காவுக்குப் போகும் பானத்தில் இந்தியக் கொத்தமல்லி போட வேண்டுமானால் அது நேரடியாக அமெரிக்க என்.ஓ.பி. சான்றிதழ் பெற்றதாக இருக்க வேண்டும். வாங்குபவர் எந்த நாடு என்று தெரியாமல் ஓர்கானிக் மூலப்பொருள் தேடக் கிளம்புவது வீண் அலைச்சல்.

தாள்களைப் படிப்பது

விநியோகஸ்தர் வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழ் அனுப்புவார். முத்திரை, கையொப்பம், எல்லாம் பளிச்சென்று இருக்கும். அதில் பார்க்க வேண்டியது வேறு.

பெயரும் முகவரியும் உங்களுக்கு பில் போடும் கம்பனியின் பெயர்தானா? அண்ணன் கம்பனியின் சான்றிதழில் தம்பி கம்பனி விற்க முடியாது. எந்தத் தரநிலை, எதுவரை செல்லும்? பிறகு மிக முக்கியமானது, பொருள் பட்டியல். தேங்காய் எண்ணெய்க்குச் சான்றிதழ் வைத்திருக்கும் கம்பனி, அதே தாளைக் காட்டித் தேங்காய்ப் பால் தூளும் விற்கப் பார்க்கும். பட்டியலில் தூள் இல்லையென்றால் தூள் ஓர்கானிக் இல்லை. இதோடு நிற்காமல், அமெரிக்கச் சான்றிதழை அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் இணையப் பதிவேட்டிலும், ஐரோப்பியச் சான்றிதழை டிரேசஸ் என்ற இணையத் தொகுப்பிலும் நீங்களே தேடிப் பாருங்கள். இரண்டும் பொதுமக்களுக்குத் திறந்தவை, காசு கேட்காது. சான்றிதழ் ரத்தானாலும் பழைய தாள் ரத்தாகாமல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு தாள், பரிவர்த்தனைச் சான்றிதழ். முதலாவது சான்றிதழ் கம்பனிக்கு உரியது. இது ஒரு குறிப்பிட்ட சரக்குக்கு உரியது. இன்ன தொகுதி எண், இத்தனை கிலோ, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று சொல்லும். ஓர்கானிக் கம்பனியிடமிருந்து வாங்கும் எல்லாமே ஓர்கானிக் என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்: பல கம்பனிகள் இரண்டு வகையும் விற்கின்றன. உள்நாட்டுக் கொள்வனவில் எப்போது இந்தத் தாள் வேண்டும், எப்போது பில்லில் ஓர்கானிக் என்றும் தொகுதி எண்ணும் எழுதியிருந்தால் போதும் என்பதை உங்கள் சான்றளிக்கும் நிறுவனம் சொல்லும்.

பரிசோதகர் இந்தத் தாள்களை வைத்து என்ன செய்வார்? கணக்குப் பார்ப்பார். இதற்கு நிறைச் சமநிலை என்று பெயர்: உள்ளே வந்த ஓர்கானிக் அளவும் வெளியே போன ஓர்கானிக் அளவும் ஒத்துப்போகிறதா என்பது. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு குழுவின் தோட்டங்களில் 1500 கிலோ பச்சை மிளகு பறித்ததாகப் பதிவு இருக்கிறது. விற்றது 900 கிலோ காய்ந்த மிளகு என்றால், ஏறக்குறைய 400 கிலோ எங்கிருந்து வந்தது? உங்களிடமும் இதே கணக்கு. மேலே சொன்ன பானத்தில் கிலோவுக்கு ஒரு கிராம் மிளகு. 10 கிலோ ஓர்கானிக் மிளகு வாங்கியிருந்தால் 10,000 கிலோ பானம் செய்யலாம். 200 கிராம் போத்தலில் 50,000. நீங்கள் 60,000 போத்தல் விற்றதாக பில் இருந்தால், குறையும் இரண்டு கிலோ மிளகுக்குப் பதில் சொல்ல வேண்டும். பொய் பிடிபடுவது பெரும்பாலும் இங்கேதான், ஆய்வுகூடத்தில் அல்ல.

ஆய்வுகூட அறிக்கை எதைச் சொல்லும்?

"லாப் ரிப்போர்ட் சுத்தம், அப்போ ஓர்கானிக்தானே?" இந்தக் கேள்விக்குப் பதில், இல்லை. எச்சம் தென்படவில்லை என்பது, தேடிய இரசாயனங்கள் அந்த மாதிரியில் அகப்படவில்லை என்பது மட்டும். செயற்கைப் பசளை போட்டு வளர்த்த மிளகும் அந்தச் சோதனையில் சுத்தமாக வரும்.

மறுதலையாகவும் நடக்கும். ஒரு துளி மருந்து அடிக்காத தேயிலையில் அந்தராகுவினோன் என்ற பொருள் அகப்படலாம். கொழுந்தை உலர்த்தும் அடுப்பில் விறகுப் புகை கசிந்தால் அதிலிருந்து வந்து சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குத் தேயிலையில் எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். தோட்டத்தில் எல்லாம் சரியாகச் செய்து அடுப்பில் மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஆய்வுகூடம் பெரிதாகக் கைகொடுத்த நிகழ்ச்சியும் உண்டு. 2020 செப்டெம்பரில் இந்திய எள்ளில் எதிலீன் ஒக்சைட் இருப்பது ஐரோப்பாவில் தெரியவந்தது. கிருமி கொல்லப் பயன்படும் வாயு அது. அங்கே உணவுக்குத் தடை. எள் தூவிய பாண், பிஸ்கட் என்று கடைத் தட்டுகளிலிருந்து பொருட்களை வாரி எடுத்தார்கள். அதில் ஓர்கானிக் முத்திரை போட்டவையும் இருந்தன. வாசனைத் திரவியம் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு நேரடிக் கேள்வி இருக்கிறது: "கிருமி நீக்கியது எப்படி?" ஓர்கானிக்கில் ஏற்கத்தக்க பதில் நீராவி. "லேசா காஸ் அடிச்சது" என்றால் அந்தச் சரக்கை விட்டுவிடுங்கள்.

சுருக்கமாக, தாள் பொருளின் வழியைச் சொல்கிறது. சோதனை அந்த வழியில் எங்காவது சந்தேகம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறது. ஒன்று மற்றதற்குப் பதிலாக நிற்காது.

உங்கள் சொந்தக் களஞ்சியம்

கொழும்பின் ஈரப்பதத்தில் கொத்தமல்லியில் வண்டு வராமல் வைத்திருப்பது பெரிய பாடு. பேலியகொடையிலோ வத்தளையிலோ களஞ்சியம் வாடகைக்கு எடுத்தால், கட்டடக்காரர் வருடத்தில் சில தடவை மொத்த இடத்துக்கும் குளிசை வைத்துப் புகையூட்டுவார். பொஸ்பின் வாயுக் குளிசை. உங்கள் மூடைகளும் அதற்குள்தான் இருக்கும். இரண்டு வருடம் தேடிப் பிடித்த ஓர்கானிக் சரக்கு ஒரு போயா விடுமுறைக்குள் சாதாரணச் சரக்காகிவிடும், உங்களுக்குத் தெரியாமலே. வாடகை ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள். காற்றுப் புகாத பைகள், குளிரறை, கரியமில வாயு என்று மாற்று வழிகள் இருக்கின்றன, செலவு கூடத்தான்.

அதே இயந்திரத்தில் சாதாரணப் பொருளும் செய்வதாக இருந்தால், நாளின் முதல் வேலையாக ஓர்கானிக்கை ஓட்டிவிட்டு மற்றதைப் பிறகு ஓட்டுவது வழக்கம். கழுவியதற்குப் பதிவு, யார் கழுவினார் என்பதற்குக் கையொப்பம், மூடைகளுக்குத் தனி அடையாளம், தனி அடுக்கு.

தொடங்குகிறவர்கள் செய்யும் வரிசைத் தவறு ஒன்று இருக்கிறது. முதலில் மூலப்பொருள் வாங்கி நிரப்பிவிட்டுப் பிறகு சான்றளிக்கும் நிறுவனத்தைக் கூப்பிடுகிறார்கள். வந்தவர் பார்த்துவிட்டுப் பாதியை ஒதுக்கிவிடுவார். செய்முறையைக் கிராம் கணக்கில் எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் எந்த விநியோகஸ்தர் என்று குறித்து, அவர்களுடைய சான்றிதழ்களையும் சேர்த்து, வாங்குவதற்கு முன்பே காட்டுங்கள். ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் இரண்டாவது விநியோகஸ்தர் ஒருவரையும் அப்போதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மிளகும் இஞ்சியும் பருவப் பொருட்கள். முதல் ஆள் கைவிரித்தால், பட்டியலில் இல்லாத புதியவரிடம் அவசரத்துக்கு வாங்க முடியாது. அந்தத் தொகுதியைச் சாதாரணப் பானமாகச் செய்து, சாதாரண லேபல் ஒட்டித்தான் விற்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் அந்த நாளின் உற்பத்திப் பதிவில் அதை எழுதுங்கள். ஓர்கானிக் லேபல் சுருளில் எத்தனை மிச்சம் என்றும் எழுதி வையுங்கள். அச்சடித்த லேபல் எத்தனை, ஒட்டியது எத்தனை, கையில் எத்தனை என்று பரிசோதகர் எண்ணுவார்.